பாராமகால் வீடுகளில் இழுப்பறை அலமாரி: வயதும் மதிப்பும் அறியும் முறை

கதவு இல்லாமல் மேலிருந்து கீழ்வரை இழுப்பறைகளாகவே அமைந்த மரச்சாமான் இழுப்பறை அலமாரி. வீடுகளில் இதை டிராயர் பெட்டி என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டு வீடுகளின் பழைய சேமிப்புச் சாமான்கள் வேறு வகையைச் சேர்ந்தவை: தானியத்துக்குக் குதிர், துணிமணிக்கு மேல்மூடி வைத்த மரப்பெட்டி, காசுக்குக் கல்லாப்பெட்டி. இழுப்பறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் அமைப்பு ஐரோப்பியரோடு வந்து சேர்ந்தது. எனவே தர்மபுரி மாவட்டத்து வீடொன்றில் தலைமுறைகளாக இருந்துவரும் இழுப்பறை அலமாரியை மதிப்பிடும்போது, அது அங்கே எப்படி வந்திருக்க முடியும் என்பதே முதல் கேள்வி.

வந்த வழிகள்

1792 மார்ச்சில் கையெழுத்தான சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறியது. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெரும்பகுதி அதில் அடங்கும். நிலவரியை வகுக்க அலெக்சாண்டர் ரீட் தலைமையில் ராணுவ அதிகாரிகள் அனுப்பப்பட்டனர். அவர்களில் ஒருவரான தாமஸ் மன்றோ 1799 வரை இப்பகுதியில் பணியாற்றினார்; தர்மபுரியில் அவருடைய நினைவுத்தூண் இன்றும் நிற்கிறது. ஊர் ஊராகக் கூடாரத்தோடு நகர்ந்த இத்தகைய அதிகாரிகளின் தேவைக்காகத்தான் கழற்றி ஏற்றிச் செல்லும் மரச்சாமான்கள் உருவாயின. அதிகாரி மாற்றலாகிப் போனாலோ இறந்தாலோ அவருடைய சாமான்கள் ஏலத்துக்கு வரும். இறந்தவர்களின் உடைமைப் பட்டியல்களும் ஏலக் கணக்குகளும் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

இரண்டாவது வழி மிட்டாக்கள். 1802ஐ ஒட்டிச் சேலம், பாராமகால் பகுதியில் நிலையான நிலவரித் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது கிராமங்கள் மிட்டாக்களாகத் தொகுக்கப்பட்டு ஏலம் விடப்பட்டன. கணக்கும் பத்திரமும் வைத்துக்கொள்ள வேண்டியிருந்த மிட்டாதாரர் வீடுகள் ஐரோப்பியப் பாணி மேசைக்கும் இழுப்பறை அலமாரிக்கும் இயல்பான இடங்கள். 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு இவ்வீடுகளின் சாமான்கள் பாகப்பிரிவினையில் சிதறின.

மூன்றாவது வழி ரயில். மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்குக் குறுகிய ரயில்பாதை 1906இல் திறக்கப்பட்டது. 1913இல் ஓசூர் வரை நீண்ட அந்தப் பாதை 1941இல் மூடப்பட்டது. சென்னைப் பட்டறைகளில் செய்த கனமான சாமான்களை மாட்டுவண்டியில் நெடுந்தூரம் இழுக்காமல் கொண்டுவர அது உதவியது. இவற்றோடு, காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் அண்மைக் காலத்தில் வாங்கி வந்தவையும் உண்டு. ‘வெள்ளைக்காரத் துரை கொடுத்துவிட்டுப் போனது’ என்று ஒரு குடும்பம் சொல்லும் செய்தி மெய்யாக இருக்கலாம். ஆனால் சாமானே அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும்.

முகாம் அலமாரி

பாராமகாலின் வரலாற்றோடு நேரடியாகப் பொருந்துவது முகாம் அலமாரி என்னும் வகை. ஏறத்தாழ மூன்றடி அகலம். மேலே இரண்டு சிறிய இழுப்பறைகள், கீழே மூன்று நீள இழுப்பறைகள். இடுப்பளவில் அது இரண்டு பெட்டிகளாகப் பிரியும். கால்கள் மரத்திருகோடு கடையப்பட்டிருப்பதால் கையாலேயே கழற்றிவிடலாம். மூலைகளிலும் விளிம்புகளிலும் பித்தளைப் பட்டை பதித்திருக்கும். கைப்பிடிகள் பலகையின் மட்டத்துக்குள் அடங்கியிருக்கும். கயிறோ மற்றொரு பெட்டியோ அவற்றில் மாட்டிக்கொள்ளாது. சிலவற்றில் மேல் இழுப்பறையின் முகப்பு முன்பக்கமாகச் சாய்ந்து எழுதும் பலகையாக மாறும்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டு முழுவதும் இவ்வகை இங்கிலாந்திலும் இந்தியாவிலும் சீனத் துறைமுகங்களிலும் செய்யப்பட்டது. லண்டனில் 1871இல் தொடங்கிய ஆர்மி அண்ட் நேவி கூட்டுறவுச் சங்கம் இதைப் பட்டியலிட்டு விற்றது. பித்தளை மூலைக்கு இன்றும் வாடிக்கையாளர் இருப்பதால் புதிதாகச் செய்வோரும் உண்டு. ஆகவே பித்தளையைப் பார்த்து வயது சொல்ல முடியாது.

துடைப்பதற்கு முன்

மதிப்பீட்டாளர் வருவதற்கு முன்பு அலமாரியைத் துடைத்துப் பாலிஷ் போட்டு வைப்பதுதான் பரம்பரைச் சாமானுக்கு நேரும் பெரிய கேடு. பழைய மேற்பூச்சின் அடுக்குகள், பித்தளையைச் சுற்றிப் படிந்த கருமை, இழுப்பறைக்குள் ஒட்டிய காகிதம், பின்பலகையில் சுண்ணாம்பால் எழுதிய எண் ஆகிய எல்லாமே தடயங்கள். உப்புத்தாள் ஒருமுறை ஓடினால் அவை திரும்ப வரா.

பூச்சைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. பார்வைக்குப் படாத உள்விளிம்பில், பஞ்சில் நனைத்த ஸ்பிரிட்டை ஒரு துளி ஒற்ற வேண்டும். அரக்குப் பூச்சு பிசுபிசுத்துக் கரையும். பாலியூரித்தேன், மெலமைன் போன்ற இக்காலப் பூச்சுகள் கரையா. அரக்கைப் பல மெல்லிய பூச்சாக ஏற்றும் பிரெஞ்சு பாலிஷ் 1820ஐ ஒட்டிப் பரவியது. அரக்குப் பூச்சு இருந்தால் சாமான் பழையது என்று உறுதியாகிவிடாது. மெலமைன் இருந்தால் யாரோ அண்மையில் கை வைத்திருக்கிறார்கள் என்பது மட்டும் உறுதி.

மரம்

வெளிப்பலகை, உட்பலகை இரண்டையும் தனித்தனியே அடையாளம் காண வேண்டும். தேக்கின் குறுக்குவெட்டில் ஆண்டு வளையங்கள் தெளிவாகத் தெரியும். வளையத்தின் தொடக்கத்தில் பெரிய துளைகள் வரிசையாக இருக்கும். தொட்டால் எண்ணெய்ப்பசை, புதிதாகச் சீவினால் தோல் போன்ற மணம். ஈட்டி எனவும் தோதகத்தி எனவும் வழங்கும் மரம் ஊதா கலந்த பழுப்பு நிறமும் கருங்கோடுகளும் கொண்டது, தேக்கைவிடக் கனமானது. தேக்கு கன மீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோ என்றால் ஈட்டி 850 கிலோவை ஒட்டியிருக்கும். கர்ப்பூர மரத்தை, நெடுநாள் மூடியிருந்த இழுப்பறையைத் திறந்ததும் மூக்கே சொல்லிவிடும்.

செய்த இடத்தைச் சொல்வது பெரும்பாலும் உட்பலகைதான். இங்கிலாந்துத் தச்சர் விலையுயர்ந்த மஹோகனியை மெல்லிய தகடாக முகப்பில் ஒட்டி, உடலுக்கு பைன், இழுப்பறைக்கு ஓக் என்று சிக்கனம் செய்வார். இந்தியாவில் அந்தச் சிக்கனத்துக்கு அவசியமும் இல்லை, வழியும் இல்லை. மரம் கிடைத்தது, ஆனால் வெயிலும் மழையும் மாறிமாறி வரும் இடத்தில் ஒட்டிய தகடு உரிந்துவிடும், பைன் பலகையைக் கரையான் விடாது. அதனால் சென்னையிலோ சேலத்திலோ செய்தவை உள்ளும் புறமும் திடமான தேக்காகவோ, ஈட்டி முகப்பும் தேக்கு உடலுமாகவோ இருப்பது வழக்கம். இழுப்பறையின் அடியில் வேப்பம்பலகையோ பலாப்பலகையோ இருந்தால் உள்ளூர் ஆசாரியின் கை பட்டிருக்கிறது. அது முதலில் செய்தபோதா, பழுது பார்த்தபோதா என்பதை மற்றத் தடயங்கள் காட்டும்.

இழுப்பறையின் அடிப்பக்கம்

வயதைப் படிக்கச் சிறந்த இடம், அதிகம் புழங்கிய நீள இழுப்பறை. அதை முழுவதும் வெளியே எடுத்து, துணி விரித்த தரையில் கவிழ்த்து, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் படியவிட வேண்டும். மேலிருந்து பார்க்கையில் வழவழப்பாகத் தெரியும் பலகையில் அப்போது மேடுபள்ளங்கள் எழும். இழைப்புளி ஓடிய தடம் அகலமான அலையாகத் தெரியும். இழைக்காமல் விட்ட இடத்தில் வாளின் தடம் இருக்கும்: இருவர் மேலும் கீழும் இழுத்தறுத்த பலகையில் கோடுகள் நேராக, ஆனால் ஒன்றுக்கொன்று இடைவெளி சீராக இல்லாமல் செல்லும், வட்டவாளில் அறுத்ததில் அவை வில்லாக வளையும்.

அடுத்து மூலை. முகப்பும் பக்கப் பலகையும் புறாவால் வடிவப் பற்களால் கோத்திருக்கும். கையால் வெட்டியவை ஒன்றுபோல் ஒன்று இரா; பல்லின் அடியில் ஆசாரி முள்ளால் கீறிய அளவுக்கோடு அழியாமல் கிடக்கும். இயந்திரத்தில் வெட்டியவை அகலமும் இடைவெளியும் மாறாமல் ஒரே அச்சாக இருக்கும். மூலைகளை ஆணி அடித்து மட்டும் சேர்த்திருந்தால் மலிவான வேலை அல்லது பிற்காலப் பழுது.

மூன்றாவது தேய்மானம். ஆண்டுக்கணக்கில் இழுத்து மூடிய இழுப்பறையின் பக்கப் பலகை, பாரம் தாங்கும் கீழ்விளிம்பில், முக்கியமாகப் பின்பகுதியில், தேய்ந்து சரிந்திருக்கும். அது ஓடும் உட்சட்டத்திலும் அதற்கு ஒத்த பள்ளம் இருக்க வேண்டும். ஒன்று தேய்ந்து மற்றது தேயாமல் இருந்தால் அந்தச் சட்டமோ இழுப்பறையோ மாற்றப்பட்டது.

நான்காவது சுருக்கம். மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, அகலவாக்கில் சுருங்கும். ஐப்பசி மழையில் இறுகி நகராத இழுப்பறை சித்திரை வெயிலில் தளர்ந்து ஓடுவதும் இதனால்தான். நூறு கோடைகளைக் கண்ட அடிப்பலகையில் ரேகையோடு ஒரு வெடிப்போ, காடியிலிருந்து விலகிய இடைவெளியோ இருப்பது இயல்பு. எங்குமே அசையாத அடிப்பலகையைச் சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலும் அது பிளைவுட்டாக இருக்கும்.

ஆங்கிலேயக் கையேடுகளை அப்படியே இங்கே பொருத்தினால் பிழை நேரும். கை வாளும் கை வெட்டுப் புறாவாலும் இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அருகின. தமிழ்நாட்டுக் கிராமப் பட்டறைகளில் 20ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தன. கைவேலை என்பது தன்னளவில் பழமைக்குச் சான்று ஆகாது. ஒரு சாமானின் வயதுக்கு வரம்பு கட்டுவது, அதன் அசல் உறுப்புகளுள் காலத்தால் மிகப் பிந்தியது எதுவோ அதுவே. அந்த உறுப்பு உலகில் தோன்றிய ஆண்டுக்கு முன் அந்தச் சாமான் இருந்திருக்க முடியாது.

ஆணி, திருகாணி, பூட்டு

இந்த விதிக்கு உலோக உறுப்புகள் நன்கு கைகொடுக்கும். கொல்லன் அடித்த ஆணியின் தலை சீரில்லாமல், தண்டு சதுரமாக இருக்கும். உருண்டைக் கம்பி ஆணி 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் பரவலானது. பழைய திருகாணிக்கு நுனி மொட்டையாகவும் தலையிலுள்ள காடி நடுவிலிருந்து விலகியும் இருக்கும். கூர்நுனித் திருகாணி 1840களின் பிற்பகுதியிலிருந்து பரவியது. கூட்டல்குறித் தலை கொண்டது 1930களுக்கு முன் இல்லை. ஆனால் ஒரே ஒரு புதிய திருகாணியைக் கண்டு சாமானைத் தள்ளிவிடக் கூடாது. அது இருக்கும் துளை அதற்காகவே இட்டதா, பழைய துளையில் திணித்ததா என்று கழற்றிப் பார்க்க வேண்டும்.

பூட்டில் எழுத்து இருந்தால் தேதியை இன்னும் நெருங்கலாம். ஜோசப் பிராமாவின் பூட்டுக்குக் காப்புரிமை 1784இல் கிடைத்தது. சப் பூட்டுக்கு 1818இல். விக்டோரியா அரசியின் பெயரெழுத்தும் கிரீடமும் பொறித்த பூட்டு 1837க்கும் 1901க்கும் இடைப்பட்டது. பிரிட்டிஷ் உலோகப் பொருளில் சாய்சதுர வடிவப் பதிவுக்குறி இருந்தால் 1842 முதல் 1883 வரை; வெறும் பதிவு எண் மட்டும் இருந்தால் 1884 அல்லது அதற்குப் பின்.

கைப்பிடியை முகப்பில் மட்டும் பார்த்தால் போதாது. இழுப்பறையின் உள்பக்கம் பார்த்தால், இப்போதைய கைப்பிடியின் துளைகளுக்கு அருகே மரக்கட்டையால் அடைத்த வேறு துளைகள் தெரியலாம். அவற்றின் இடைவெளியே முதல் கைப்பிடியின் அளவு. உள்ளே இரண்டு ஜோடித் துளைகள் இருந்து வெளிமுகப்பில் ஒரு ஜோடி மட்டும் இருந்தால், முகப்பின்மேல் பின்னாளில் தகடு ஒட்டப்பட்டிருக்கிறது.

சேர்ப்பும் மாற்றமும்

இரண்டாகப் பிரியும் அலமாரியில் மேற்பெட்டியும் கீழ்ப்பெட்டியும் ஒன்றாகப் பிறந்தவைதானா என்று பார்ப்பது அவசியம். பாகப்பிரிவினையில் மேற்பகுதி ஒரு வீட்டுக்கும் கீழ்ப்பகுதி மற்றொரு வீட்டுக்கும் போய், பிறகு வியாபாரியின் கிடங்கில் வேறொன்றோடு சேர்ந்திருக்கலாம். இரண்டின் பின்பலகை, புறாவால் பற்களின் பாங்கு, வாள்தடம், பூட்டின் வகை ஒத்துப்போக வேண்டும். கீழ்ப்பெட்டியின் மேல்முகம் எப்போதும் மறைந்தே இருந்ததால் அது பாலிஷ் இல்லாமல் இருப்பதுதான் முறை.

பழுது எல்லாம் குறையல்ல. தேய்ந்த சட்டத்தை அதே மரத்தில் மாற்றியது, உளுத்த காலை மாற்றியது போன்றவை புழக்கத்தின் விளைவுகள். மதிப்பைச் சிறிதளவே குறைக்கும். அகலத்தை வெட்டிக் குறைத்தது, மேற்பலகையை மாற்றியது, பளபளப்புக்காக முழுவதும் இழைத்தது ஆகியவை பெரிதும் குறைக்கும். பூச்சித்துளையையும் இரண்டாகப் பிரித்தறிய வேண்டும். விளிம்பு மங்கிய காலித்துளை பழங்கதை. துளைக்குக் கீழே வெளிறிய மாவு புதிதாகக் கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. அந்த அலமாரியை மற்ற மரச்சாமான்களிலிருந்து உடனே பிரித்து வைக்க வேண்டும்.

ஆய்வகமும் ஆவணமும்

ஆய்வகத்துக்கு அனுப்பினால் வயது துல்லியமாகத் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை பொதுவானது. கரிமக் கணிப்பு ஆயிரம் ஆண்டு மரத்துக்கு உதவும் அளவுக்கு இருநூறு ஆண்டு மரத்துக்கு உதவாது. 1650க்கும் 1950க்கும் இடையே காற்றுமண்டலக் கரிமத்தின் அளவு ஏறியும் இறங்கியும் இருந்ததால், ஒரே அளவீடு பல காலகட்டங்களுக்குப் பொருந்திவிடும். ஆண்டு வளைய ஒப்பீட்டுக்குத் தேக்கு ஏற்றதே என்றாலும், மரத்தின் வெளிவளையம் பலகையில் எஞ்சியிருப்பது அரிது. எப்படிக் கணித்தாலும் தெரிவது மரம் வளர்ந்த காலம். பழைய வீட்டு உத்தரத்தை அறுத்து நேற்றுச் செய்த அலமாரியும் அந்தச் சோதனையில் பழையதாகவே தெரியும்.

ஆவணங்கள் இதைவிட உதவும். பாகப்பத்திரம், சீர்வரிசைப் பட்டியல், ஏலச் சீட்டு, ரயில் சரக்கு ரசீது, அலமாரி பின்னணியில் விழுந்த பழைய திருமணப் புகைப்படம் ஆகியவற்றைத் தேடி எடுத்துவைக்க வேண்டும். இழுப்பறைக்குள் விரித்த செய்தித்தாளின் தேதி, அந்த ஆண்டில் அந்த இழுப்பறை யார் வீட்டிலாவது புழக்கத்தில் இருந்ததற்கு ஒரு குறிப்பு. ஒரு குறிப்பிட்ட அதிகாரியின் பெயர் அடிபட்டால், பாராமகால் ஆவணத் தொகுதிகளிலும் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் அவர் அங்கே பணியாற்றினாரா என்றாவது சரிபார்க்கலாம்.

சட்டம்

விலை பேசுவதற்கு முன் சட்டநிலை தெளிவாக வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைக் கருவூலங்கள் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் உள்ளது. கலை, கைவினை, வழக்காறு போன்றவற்றை விளக்கும், நூறு ஆண்டுக்குக் குறையாத பொருள் அதன்படி தொல்பொருள் ஆகலாம். தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை. அதை விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். ஒரு பொருள் தொல்பொருளா அல்லவா என்ற கேள்வி எழுந்தால் முடிவு சொல்லும் அதிகாரம் இந்தியத் தொல்லியல் துறைக்கு உண்டு. கட்டாயப் பதிவு குறிப்பிட்ட வகைப் பொருள்களுக்கு மட்டுமே. மரச்சிற்பங்கள் அவற்றில் அடங்குவதால், உருவச் செதுக்கு வேலை மிகுந்த அலமாரி என்றால் பதிவு அலுவலரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

யானைத்தந்தம் தனிச் சிக்கல். விசாகப்பட்டினப் பட்டறைகளின் பாணியில் தந்தம் இழைத்த சாமான்கள் சென்னை மாகாணம் எங்கும் புழங்கின; சாதாரண அலமாரியிலும் சாவித்துளையைச் சுற்றித் தந்த வில்லை இருக்கலாம். உருப்பெருக்கியில் பார்த்தால் தந்தத்தின் குறுக்குவெட்டில் வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டும். எலும்பில் கரும்புள்ளிகளும் சிறு கீற்றுகளும் தெரியும். இந்திய யானைத்தந்த வணிகத்தை வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 1986ஆம் ஆண்டுத் திருத்தம் தடைசெய்தது. மரபுரிமையாக வந்த தந்தப் பொருளை 90 நாளுக்குள் தலைமை வனவுயிரினக் காப்பாளருக்கு அறிவிக்க வேண்டும்.

ஈட்டி மரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. தமிழ்நாட்டின் 1994ஆம் ஆண்டு ஈட்டி மரப் பாதுகாப்புச் சட்டம் மரம் வெட்டுவதைத் தடுத்தது. 2017 முதல் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் அம்மரம் இடம்பெற்றுள்ளது. நூறு வயது நிரம்பாத ஈட்டி அலமாரியானாலும் உரிய ஆவணமின்றி நாடு கடக்க முடியாது.

விலை

வயது கூடக்கூட விலை கூடும் என்ற கணக்கு இந்தியாவில் நேராகச் செல்வதில்லை. தொண்ணூறு வயது அலமாரிக்கு வெளிநாட்டு வாங்குநரும் உண்டு. நூற்றிருபது வயது அலமாரிக்கு உள்நாட்டுச் சந்தை மட்டுமே. 2000களின் தொடக்கத்திலிருந்து அடர்நிறப் பழைய மரச்சாமான்களின் விலை மேலைநாட்டு ஏலங்களில் சரிந்ததும் கணக்கில் சேரும். லண்டன் ஏலத்தில் ஓர் அலமாரி போன விலையை ரூபாயாக மாற்றித் தர்மபுரி அலமாரிக்கு ஒட்டவைப்பதில் பொருளில்லை.

எந்த நோக்கத்துக்கு என்று சொல்லாமல் ஒரு தொகையை மட்டும் சொன்னால் அது மதிப்பீடு ஆகாது. காப்பீட்டுக்கு, அதைப் போன்ற மற்றொன்றைக் கடையில் வாங்க ஆகும் தொகை. பாகப்பிரிவினைக்கு, அவசரமில்லாத விற்பவரும் விவரமறிந்த வாங்குபவரும் ஒப்புக்கொள்ளும் தொகை. வியாபாரி வீடு தேடி வந்து தருவதாகச் சொல்வது அவருடைய வண்டிக்கூலி, பழுதுச் செலவு, இருப்புக்காலம், லாபம் எல்லாம் கழித்த தொகை. மூன்றும் வேறுபடுவதே இயல்பு. மதிப்பிடுபவரே வாங்கவும் முன்வந்தால் அந்த மதிப்பீட்டை ஏற்கக் கூடாது.

இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை உண்டு. மரச்சாமான்களைப் பிரிக்கும்போது இது மறக்கப்படுகிறது. அலமாரியை ஒருவர் எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்கு ஈடாகப் பணமோ வேறு பொருளோ தருவதே வழக்கமான தீர்வு. மரபுரிமை வரி 1985இல் நீக்கப்பட்டது. சொந்தப் புழக்கத்துக்கான மரச்சாமானை விற்றால் பொதுவாக மூலதன ஆதாய வரி வராது. கலைப்பொருள் என்ற வகையில் அது சேர்க்கப்பட்டால் வரலாம்.

அறிக்கையில் இருக்க வேண்டியவை

நல்ல மதிப்பீட்டு அறிக்கை இரண்டு மூன்று பக்கத்தில் அடங்கும். நீளம், அகலம், உயரம், வெளிமரம், உள்மரம், இணைப்பு முறை, பூட்டு, கைப்பிடி, ஆணி பற்றிய விவரம், அசல் எது, மாற்றியது எது என்ற பிரிப்பு, கால வரம்பும் அதற்கான காரணமும், தந்தம், ஈட்டி, நூறாண்டு எல்லை பற்றிய குறிப்பு, மதிப்பின் நோக்கம், தொகை, தேதி ஆகியவை அதில் வேண்டும். முன்புறத்தைப் போலவே பின்பலகையையும் கவிழ்த்த இழுப்பறையையும் படமெடுத்து இணைக்க வேண்டும். ‘சுமார் 1870 முதல் 1900 வரை’ என்று வரம்போடு சொல்லும் அறிக்கை, ஒற்றை ஆண்டைச் சொல்லும் அறிக்கையைவிட நம்பத் தக்கது. சந்தை மாறுவதால் விலைப்பகுதியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும். மரம், இணைப்பு, உலோகம் பற்றி எழுதிவைத்த பகுதி மாறாது; அடுத்த தலைமுறை பாகம் பிரிக்கும்போதும் அதையே எடுத்துப் பார்க்கலாம்.